அறுபது முழத் தூக்கம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் எடுத்து, "யாரு?" என்று கேட்டு, என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது பதினாறு மாடியில் நூற்றிருபது வீடுகள் கட்டுகிறோம். நகராட்சியில் புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய குடியிருப்பு கட்டுகிறவர்கள், ஊரார் வந்து பார்க்கும்படி தங்கள் நிலத்திலேயே ஒரு கலைப்படைப்பு வைக்க வேண்டும். வைத்தால்தான் குடியேற அனுமதி. நாங்கள் எஃகில் மூன்று பறவைகள் செய்து காட்டினோம். கலைக்குழு திருப்பி அனுப்பிவிட்டது. குழுத் தலைவி, "இந்தப் பறவைங்கள நான் ஏற்கெனவே நாலு பேங்க் வாசல்ல பாத்துட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பழைய கட்டடத்துல ஒரு சிமெண்ட் குதிரை படுத்திருக்குமே, அதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார்.

என் அக்கா என்று சொன்னேன்.

தாங்கள் இதற்கும் ஏதாவது செய்து தர முடியுமா? தங்கள் வசதிப்படி செய்யலாம். அவசரமில்லை. (டிசம்பருக்குள் அனுமதி வாங்க வேண்டும்.)

தங்கள் அன்புள்ள தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்குத் 'தாங்கள்' ஆனேன்? உன் சட்டைக்குப் பித்தான் போட்டு, மூக்கைத் துடைத்து, பள்ளிக்கூட வாசலில் தள்ளிவிட்டவள் நான். உன்னிடம் மரியாதை கூடினால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம். நீ என்றே எழுது. காரியத்தை மறைக்க வேண்டாம்.

குதிரையைச் செய்தது யார் என்று அந்த அம்மாள் கேட்டாராம். குதிரை இப்போது எங்கே என்று கேட்டாரா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, காதோரம் பூச்சு உரிந்திருக்கும், சரிசெய்துவிட்டு வரலாம் என்று கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். குதிரை படுத்திருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்டால் பதினாலு, பதினைந்து என்று எழுதியிருந்தது. பதினாலில் ஒரு கார் நின்றது. பதினைந்து காலி. வாட்ச்மேன்தான் சொன்னார்: "அதை ஒடச்சு நாலு மாசமாச்சும்மா. கார் விட எடம் பத்தல." நீ உடைத்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடம் உன்னுடையது. ஆனால் அந்த நாலு மாதத்தில் எட்டு தடவை என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தாய். எட்டு தடவையும் நல்ல தேநீர் என்று சொன்னாய். வேறொன்றும் சொல்லவில்லை.

மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓர் உருவம் வந்து முன்னால் கிடக்கிறது. அது என் குற்றமில்லை.

ஆகவே கேள். போனில் பேச்சு கிடையாது. போனில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பாய். பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். எதுவானாலும் எழுத்தில் கொடு. உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன். அங்கிருந்து யாராவது இங்கே வரட்டும். நான் செய்து தருவதற்கும் தெருவுக்கும் நடுவில் கேட்டோ சங்கிலியோ ஒன்றும் இருக்கக் கூடாது. இதை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் கட்டடத்திலிருந்து ரோட்டுப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது? மதியத்தில் அதன் நிழல் எங்கே விழும்? பதினாறு மாடி கட்டி ஆகாயத்தை மறைத்திருக்கிறாயே, நிழலாவது ஒழுங்காக விழுகிறதா?

அக்கா


ஜனவரி 26

அக்கா,

நீ என்றே எழுதுகிறேன். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

குதிரையைப் பற்றி ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வந்தேன். நீ தேநீரைக் கையில் கொடுத்ததும் அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். இது ஒரு பதிலில்லை, எனக்குத் தெரியும்.

கட்டடத்தின் சுவரிலிருந்து எங்கள் எல்லைக் கோடு வரை எண்பத்து நாலு அடி. அதைத் தாண்டி ரோடு வரைக்கும் பத்தடி அகலத்தில் ஒரு கீற்று இருக்கிறது. அதுவும் எங்கள் நிலம்தான், ஆனால் நகராட்சி விதிப்படி அதில் சுவரோ கேட்டோ எழுப்பக் கூடாது, செடி வைக்க விட்டிருக்கிறோம். கட்டடம் கிழக்குப் பார்த்தது. மதியம் பன்னிரண்டரை மணிக்கு மேல் நிழல் மெல்ல இறங்கி வந்து, இரண்டு மணிக்கெல்லாம் முழு இடத்தையும் மூடிவிடும். நேற்று இதைப் பார்ப்பதற்காகவே அங்கே நின்றேன். என் எஞ்சினியர் ஓடிவந்து, "சார், ஏதாவது ப்ராப்ளமா?" என்றான். அவனுக்கு எல்லாமே அவசரம். சைட்டில் அவன் பெயரே அவசரம்தான். நிழலைப் பார்க்கிறேன் என்றேன். அவனும் ஒரு தடவை தரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நீ செய்யும் படைப்புக்கும் தெருவுக்கும் நடுவில் கேட் போடமாட்டோம். என் கையாலேயே எழுதிவிட்டேன்.

என்ன உருவம் என்று கேட்கலாமா?

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

கேட்டதால் சொல்கிறேன்.

ஹாலோ பிளாக் பட்டறையில் நான் இருபத்திரண்டு வருஷம் கல்லுக்குத் தண்ணீர் விட்டது உனக்குத் தெரியும். மதியம் அங்கே எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியாது. நீ காலேஜில் இருந்தாய். ஒரு மணிக்கு மிஷின் நிற்கும். அதுவரை கேட்காத சத்தமெல்லாம் அப்போதுதான் கேட்கும். ஈரச் சாக்கு போர்த்திய கல் அடுக்குகளின் மேல் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். வெளியே தகரமும் மணலும் வெயிலில் வெள்ளையாக எரியும். கல் மட்டும் குளிர்ந்திருக்கும். புதுக் கல் தண்ணீர் குடிக்கிற சத்தம், காதை வைத்தால், தூரத்தில் யாரோ ரகசியம் பேசுவதுபோல இருக்கும். அந்த ரகசியத்தின் மேல் தலையை வைத்து எல்லோரும் தூங்கிப்போவார்கள்.

நான் மட்டும் தூங்கமாட்டேன். தண்ணீர் விட வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பார்ப்பேன். லாரி டிரைவர் இரண்டு கையையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர்போலத் தூங்குவார். கல் அடுக்கும் பெண் ஒருத்தி ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டியிருப்பாள், பஸ்ஸை நிறுத்துவதுபோல. காலை முழுக்க எங்களைத் திட்டித் தீர்த்த சூப்பர்வைசர் வாயைத் திறந்து, உலகத்தில் எவரையும் தெரியாத குழந்தையாகக் கிடப்பார். எல்லோரும் ஏதோ ஆற்றில் மிதந்து போவதுபோலவும், நான் ஒருத்தி மட்டும் கரையில் குழாயோடு நிற்பதுபோலவும் இருக்கும்.

அவர்கள் எழுந்து போன பிறகு ஈரச் சாக்கில் அவரவர் உருவம் பள்ளமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். அந்தப் பள்ளங்களை நான் மறக்கவில்லை.

செய்யப்போவது அதுதான். நீளமாக, தாழ்வாக, இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடு. தலை உன் கட்டடச் சுவரில் சாய்ந்திருக்கும், வால் ரோட்டைப் பார்த்து நெளிந்து வரும். ஒரு பக்கம் பதினொன்று, மறுபக்கம் பதினொன்று, ஆக இருபத்திரண்டு பள்ளங்கள். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த ஒரு தூக்கம். வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடட்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கி, செடிகளுக்குப் போகிற வழியில் இதைக் குளிரவைத்துவிட்டுப் போகட்டும். தெருவில் போகிறவர்கள் யாரானாலும் மதியத்தில் வந்து படுக்கலாம். இதைப் பார்ப்பதற்காக யாரும் வர வேண்டாம். பார்க்க ஒன்றுமில்லை.

இருபதில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்துவிட்டேன். மேஸ்திரியை வண்டியோடு அனுப்பு. ஈரச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அளவெல்லாம் மாடலின் மேலேயே கரியால் எழுதியிருக்கிறேன். மொத்த நீளம் அறுபது முழம். அகலம் ஏழு. எண் சாண் உடம்புக்கு எண் சாண் பள்ளம், அதாவது நாலு முழம். கயிறு போட்டுப் பார்த்துவிட்டேன். உன் எண்பத்து நாலு அடிக்குள் அடங்கி, வாலுக்கு அப்புறம் நாலடி மிச்சம் இருக்கும்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

மாடல் பத்திரமாக வந்தது. மேஸ்திரி அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். "பெருசு சொன்னாங்க, குலுக்குனா ஒன்னை நான் குலுக்குவேன்னு" என்றார். வேட்டி முழுக்க ஈரம்.

கலைக்குழுவில் மேஜைமேல் வைத்து உன் கடிதத்திலிருந்து இரண்டு பத்தியை வாசித்தேன். கோபித்துக்கொள்ளாதே. தலைவி அம்மாள் ஒரு பள்ளத்தில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பயந்துவிட்டேன். பிறகு, "இதுக்கு மேல என்ன பேச இருக்கு?" என்று கையெழுத்துப் போட்டார். அவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும்: விதிப்படி, இனிமேல் இதில் ஒரு அங்குலம் மாற்ற வேண்டுமென்றாலும் உன் கையெழுத்து வேண்டும்.

என் பங்குதாரர் வெளியே வந்ததும் சிரித்தார். "மச்சி, வீடு வாங்க வர்றவன் வாசல்ல நாலு பேரு குறட்டை விட்டுட்டு இருந்தா, அவன் என்ன நெனப்பான்?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

அவசரம் உன் முழத்தையெல்லாம் அடிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். வரைபடம் முடிந்ததும் கம்பி கட்டுவார்கள்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

சிரித்துவைத்தாயா? நன்றாக இருக்கிறது.

கலவை விகிதம் கேட்க மேஸ்திரி வந்திருந்தார். போகிற போக்கில், "கேட்டு மட்டும் பதினெட்டு அடியாம்மா, தண்டவாளத்துல ஓடுமாம், வெரல வெச்சாத்தான் தெறக்குமாம்" என்றார். எந்த கேட் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

எல்லைக் கோட்டில் கேட். மேடு முழுவதும் உள்ளே. விரலை வைத்தால்தான் திறக்கும். கேட் போடமாட்டோம் என்று நீ கையால் எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. உன் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே அழகு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குதிரையின்போது வாட்ச்மேன் சொன்னார். இப்போது மேஸ்திரி சொல்கிறார். உன்னைப் பற்றிய செய்தி எனக்கு எப்போதும் சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்துதான் வருகிறது.

அக்கா


மார்ச் 29

அக்கா,

கேட் என் யோசனை இல்லை. பங்குதாரரும் வீடு பதிவு செய்தவர்களும் சேர்ந்து கேட்டார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். பேசினேன் என்றால், இதைக் கொஞ்சம் யோசிக்கலாமே என்றேன். அவர்கள் யோசித்தார்கள். யோசித்துவிட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள்.

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஊரார் உள்ளே வரலாம். வாட்ச்மேனிடம் பெயரும் வேலையும் எழுதிவிட்டு வந்தால் போதும். விதிக்கும் குறையில்லை. நீ ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

பெயரும் வேலையும் எழுதிவிட்டு எவனுக்குத் தூக்கம் வரும்? உனக்கு வருமா?

ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்காகக் காங்கிரீட் என்ன செய்யும்? அதைக் கெடுக்கவும் மாட்டேன். மேஸ்திரியிடம் இதை வாசித்துக் காட்டு: அச்சுப் பலகை பிரித்த அன்றே சாக்கு போர்த்த வேண்டும். சாக்கு காயக் கூடாது. காலை, பத்து மணி, ஒரு மணி, நாலு மணி, சாயங்காலம் என்று ஐந்து முறை தண்ணீர். குழாயை உயரத்திலிருந்து அடிக்கக் கூடாது, பக்கத்தில் குனிந்து வழியவிட வேண்டும். இருபத்தெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு விடுமுறை கிடையாது.

கேட் இருக்கும்வரை அது என்னுடையது என்று யாரிடமும் சொல்லாதே.

அக்கா


மே 21

அக்கா,

உடனே படி. ஒரு விஷயம் நடந்துவிட்டது.

மேடு முடிந்துவிட்டது. இருபத்தெட்டு நாளும் ஆயிற்று. சாக்கை எடுத்தோம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எழுத வார்த்தை தேட வேண்டும். நேற்று கேட் போடுகிறவர்கள் தண்டவாளம் பதிக்க வந்தார்கள். நூல் கட்டினார்கள். நூல் உன் மேட்டின் மேல் ஏறிப் போகிறது.

வால் எல்லைக் கோட்டைத் தாண்டி ஆறடி வெளியே போயிருக்கிறது. கடைசி இரண்டு பள்ளங்களும் செடி வைக்கிற கீற்றில், ரோட்டோரமாக இருக்கின்றன. அவசரம் டேப்பை வைத்து மூன்று முறை அளந்தான். தொண்ணூறு அடி. "வரைபடத்துல உள்ளபடிதான் சார், அறுபது முழம், தொண்ணூறு அடி" என்கிறான். லாரிகள் போய்வர முன்பக்கம் திறந்தே கிடந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. இப்போது தண்டவாளத்துக்கு இடமில்லை. கேட் ஓடாது.

பங்குதாரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி


மே 28

தம்பிக்கு,

தொண்ணூறு அடியா? அறுபது முழம் எப்படித் தொண்ணூறு அடி ஆகும்? எண்பது அடிதான் ஆகும். கயிறு போட்டுப் பார்த்தேன் என்று எழுதினேனே, நாலடி மிச்சம் இருக்கும் என்று!

யாருடைய முழம் அது? யாரோ புத்தகத்தில் போட்டிருக்கிற ஒன்றரை அடி முழம். எண் சாண் உடம்பு என்றால் அவரவர் கைக்கு எண் சாண். நான் குள்ளச்சி. போதாததற்கு நீ காலேஜில் சேர்ந்த வருஷம் என் நடுவிரலில் ஒரு கணு பிளாக் மிஷினில் போயிற்று. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் பதினாறு அங்குலம், ஒரு நூல் கூடாது. அந்த எஞ்சினியருக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியாதா? உன் காலேஜ் சட்டைத் துணியெல்லாம் இந்தக் கையால் அளந்து வாங்கியதுதானே? கடைக்காரரிடம், "எங்க அக்கா மொழம் சின்னது, ஒரு மொழம் சேத்துக் குடுங்க" என்று கேட்பவன் நீதானே?

இருபத்திரண்டு பள்ளமும் கெட்டது. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்குப் பார்த்துச் செய்தது. எட்டில் ஒரு பங்கு பெருத்துவிட்டால் அது அந்த ஆளின் தூக்கமா? தொட்டிபோல இருக்கும்.

பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா


ஜூன் 4

அக்கா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

மார்ச் ஆரம்பத்தில் அவசரம் என் அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, "சார், ஒரு முழம்னா ஒன்றரை அடிதானே?" என்றான். நான் போனில் இருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். அது தவறுதான், வேண்டுமென்று செய்ததில்லை. மூன்று வாரம் கழித்து, நீ கேட்டைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதம் வந்த அன்று, வரைபடம் கையெழுத்துக்கு வந்தது. தொண்ணூறு என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். உன் கை நினைவுக்கு வந்தது. விரல் நினைவுக்கு வந்தது. வால் எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு அவசரத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உனக்கு எழுதியிருக்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்று கேட் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தவறு ஒன்று தானாக நடந்து, நான் வாய் திறக்காமலே அந்த வேலையை முடித்துவிடாதா என்று இருந்தது. உன் பள்ளங்கள் பெருத்துப்போகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. மறுபடியும் உனக்குச் சொல்லாமல் செய்தேன்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வாலிலிருந்து பத்தடியை வெட்டியெடுக்க உன் சம்மதம். பங்குதாரர் கொடுத்து அனுப்பச் சொன்னார். வெட்டினால் கேட் ஓடும். நீ கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த கட்டடத்தில் என்னைச் சேர்க்கமாட்டேன் என்கிறார். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. பள்ளங்கள் உன் அளவில் இல்லை, அதனால் வெட்டினாலென்ன என்று நீ நினைத்தாலும் தவறில்லை.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

போன வியாழக்கிழமை வந்திருந்தேன்.

உன் வாசலை மிதிக்கவில்லை. காலை ரயிலில் ஏறி, பஸ் மாறி, ரோட்டுப் பக்கமாகவே வந்தேன். உன் எல்லைக் கோட்டுக்கு வெளியே ஆறடி இருக்கிறதே, அங்கேயே நின்றேன். பன்னிரண்டே முக்கால் இருக்கும். வெயில். மேடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. உன் கட்டடத்தின் நிழல் அதன் தலையில் மட்டும் ஒரு துணிபோல விழுந்திருந்தது. நான் ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நிழல் கீழிறங்க இறங்க, ஆட்கள் எங்கிருந்தோ வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. நிழல் எந்தப் பள்ளத்தைத் தொடுகிறதோ அதில் ஒருவர் படுத்தார். பார்சல் கொண்டுபோகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சாய்ந்தான். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், செருப்பை ஜோடியாகக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். உன் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் இரண்டு பெண்கள் எதிரெதிர்ப் பள்ளத்தில் படுத்து, கொஞ்ச நேரம் சிரித்துப் பேசி, ஒருத்தி பேசிக்கொண்டே இருக்கும்போது மற்றவள் தூங்கிப்போனாள். நிழல் வந்துகொண்டே இருந்தது. அது தண்ணீர்போலவும் அவர்கள் ஒவ்வொருவராக அதில் இறங்குவதுபோலவும் இருந்தது.

என் பக்கத்துப் பள்ளத்துக்கு ஒரு டிரைவர் வந்தான். ஆறடி இருப்பான். இவனுக்கு எங்கே பத்தும் என்று பார்த்தேன். காலை நீட்டினான். நீட்டி, விரல்களையும் விரித்து, பெருமூச்சு விட்டான். ஒரு விரல் வெளியே இல்லை.

என் அளவில் செய்திருந்தால் அவன் பாதம் இரண்டும் வெளியே தொங்கியிருக்கும். நான் தெரிந்தவர்களை வைத்து அளந்திருக்கிறேன். வருகிறவர்களை நினைக்கவில்லை. இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ செய்தது தவறுதான்.

கடைசிப் பள்ளத்தில் நானும் ஏறிப் படுத்தேன். எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். அதற்குள் உன் வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"எழுந்திரிங்கம்மா. இங்க படுக்கக் கூடாது."

"இவங்கெல்லாம் படுத்திருக்காங்களே?"

"அவங்களையும் எழுப்பத்தான் வந்தேன். கீழ இருந்து ஆரம்பிக்கறேன்."

"படுக்கக் கூடாதுன்னு எங்கப்பா போட்டிருக்கு?"

"போர்டு இன்னும் வரலம்மா."

"வந்ததும் எழுப்பு."

அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பக்கத்து டிரைவர் கண்ணைத் திறக்காமல், "அண்ணே, நீங்களும் சாயுங்கண்ணே. ஒங்களுக்கு மட்டும் தூக்கம் வராதா?" என்றான். யாரோ சிரித்தார்கள். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முதுகுக்குக் கீழே குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக மதியத்தில் கரையை விட்டுவிட்டேன். விழித்தபோது எந்த ஊர், எனக்கு என்ன வயது, எழுந்து யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் தெரியவில்லை. மேகம் ஒன்று உன் பதினாறாவது மாடியை மெதுவாகத் தாண்டிக்கொண்டிருந்தது. அது தாண்டி முடிக்கும்வரை நான் யாரும் இல்லை. நன்றாக இருந்தது.

மேஸ்திரியிடம் ஒன்று கேள். பதினொன்றாவது பள்ளத்தின் விளிம்பில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடவில்லை. இல்லை என்று சொன்னால் என்னிடம் அனுப்பு.

உன் சம்மதப் படிவத்தின் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட ஒரு கோடு இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். பின்பக்கம் காலியாக இருந்தது, அதில்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். இன்னும் இரண்டு தாள் சேர்க்க வேண்டிவந்தது. உன் பங்குதாரரிடம் காட்டு. வால் அங்கேயே இருக்கும்.

இதை இன்னொருவர் வாயால் நீ கேட்க வேண்டாம் என்பதால் நானே எழுதுகிறேன்: இனி அது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

கடிதத்தைக் கூட்டத்தில் முன்பக்கத்திலிருந்து காட்டினேன். பிறகு திருப்பிக் காட்டினேன். பங்குதாரர் முழுவதும் படிக்கவில்லை. "உங்க குடும்பமே இப்படித்தானா?" என்றார். நான் எழுந்து நின்றேன். அறுபது முழம் என்ன ஆகும் என்று தெரிந்தே நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். கேட் வேண்டாம் என்றும் சொன்னேன். இந்தத் தடவை யோசிக்கலாமே என்று சொல்லவில்லை.

அடுத்த கட்டடத்தில் நான் இல்லை. இன்று காலை அவர் என் மேஜையிலிருந்து பழைய வரைபடங்களை எடுத்துக்கொண்டு போனார். கேட்டுக்காக எழுப்பிய இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன, நடுவில் ஒன்றுமில்லை. குழுத் தலைவி வந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். மேலே குடிவந்த முதல் வீட்டுக்காரர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். நேற்று தலையணையோடு இறங்கி வந்தார்.

மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமையை ஒத்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று மூன்று முறை கேட்டார்.

எனக்கு இன்றைக்கு வேலை ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு மதியம் எனக்கு வாய்த்ததில்லை. சரி, நாமும் படுத்துப் பார்ப்போம் என்று ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இருபத்திரண்டும் நிறைந்திருக்கிறது. தலையிலிருந்து வால் வரைக்கும் நடந்தேன், திரும்பவும் நடந்தேன். எல்லோரும் எங்கோ போய்விட்டிருக்கிறார்கள், உடம்பை மட்டும் இங்கே வைத்துவிட்டு. கட்டியவன் நான் என்று எழுப்பிச் சொல்ல முடியுமா? ஹெல்மெட்காரர் ஒருவர் அரைக் கண்ணைத் திறந்து பார்த்து, "அண்ணே, புதுசா? அந்தத் தூண்கிட்ட நில்லுங்க. ரெண்டே காலுக்கு நர்ஸம்மா ட்யூட்டிக்குப் போயிரும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி போய்விட்டார்.

அதனால் தூணில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். கையெழுத்து அழகாக இருக்காது. எனக்கு முன்னால் இன்னொருவரும் நிற்கிறார், சமையல்காரர்போல இருக்கிறது. இங்கே யாருக்கும் குரலை உயர்த்தத் தோன்றாது போலிருக்கிறது. நிழல் இப்போது என் காலைத் தொடுகிறது.

அக்கா, யாரோ எழுந்திருக்கிறார்கள். சமையல்காரர், நீங்க போங்க என்று எனக்குக் கை காட்டுகிறார். போகிறேன்.